இடம் எங்கே போனது? ப்ராசஸ்களையும் திறந்த கோப்புகளையும் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய கோப்புகளைத் தேடி அழித்தாயிற்று, குப்பைத்தொட்டியையும் காலி செய்தாயிற்று. டிஸ்க் இன்னும் நிறைந்தே இருக்கிறது. பென்டிரைவைக் கழற்றப் போனால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று கணினி மறுக்கிறது. திரையிலோ எந்த நிரலும் திறந்திருக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பில்லிங் சர்வர் 'திறந்த கோப்புகள் அதிகம்' என்று சொல்லிவிட்டுத் திடீரென்று நின்றுபோகிறது. காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் ஸ்டூடியோக்களிலும் டைல்ஸ் பட்டறைகளிலும் பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளிலும் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். எனக்கு அடிக்கடி வரும் அழைப்புகள் இந்த மூன்றும்தான்.

நான் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் யாராவது ரீஸ்டார்ட் செய்திருப்பார்கள். அதில் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் என்ன நடந்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். சில சமயம் மீட்டிருக்கக்கூடிய கோப்பும் போய்விடும். எந்த நிரல் எந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் எந்நேரமும் இருக்கிறது, கேட்டால் சொல்லும். கேட்பதற்குத்தான் பலருக்கு வழி தெரிவதில்லை.

கையில் லினக்ஸ் இருக்கும் கணினி ஒன்று வேண்டும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எதுவானாலும் சரி. அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இன்னும் இருந்தால் அதுவும் போதும். கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பிஎஸ் என்றால் இரண்டு எழுத்து, எல்எஸ்ஓஎஃப் என்றால் நான்கு எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் ப்ராசஸ்

டிஸ்க்கில் இருக்கும்போது அது நிரல், ஓடத் தொடங்கிவிட்டால் ப்ராசஸ். ஒரே நிரலை மூன்று முறை திறந்தால் மூன்று ப்ராசஸ்கள். ஒவ்வொன்றுக்கும் கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கரு, தன் நினைவகத்தில் ஒரு பதிவு வைத்திருக்கிறது. லினக்ஸின் மூல நிரலில் அதன் பெயர் டாஸ்க் ஸ்ட்ரக்ட். ப்ராசஸின் எண், அதைத் தொடங்கி வைத்த பெற்ற ப்ராசஸ் எது, எந்தப் பயனருடையது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது, நினைவகத்தில் எந்தெந்தப் பகுதிகள் அதனுடையவை, எந்தெந்தக் கோப்புகளைத் திறந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும், அல்லது அதிலிருந்து சுட்டப்பட்டிருக்கும். சிபியுவை ஒரு ப்ராசஸிடமிருந்து பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது, முதல் ப்ராசஸ் எந்த இடத்தில் நின்றது என்பதும் கெர்னலிடம் குறித்து வைக்கப்படும். மறுபடி அதன் முறை வரும்போது விட்ட இடத்திலிருந்து அது தொடரும்.

ப்ராசஸ் பிறக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன. டெர்மினலில் ஒரு கட்டளையைத் தட்டி என்டர் அழுத்தியதும், அந்தக் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் ஷெல் என்ற நிரல் முதலில் ஃபோர்க் என்ற அழைப்பின் மூலம் தன்னைப்போல் இன்னொரு பிரதியை உருவாக்குகிறது. அந்தப் பிரதி எக்ஸெக் என்ற அழைப்பின் மூலம் நீங்கள் கேட்ட நிரலைத் தன் மேல் ஏற்றிக்கொள்கிறது. எண் மாறுவதில்லை, உள்ளிருக்கும் நிரல் மட்டும் மாறிவிடும். ஷெல் திறந்து வைத்திருந்த கோப்புகளும் பிள்ளைக்கு அப்படியே வந்து சேரும், எக்ஸெக் நேரத்தில் மூடிவிட வேண்டும் என்று குறியிட்டவை தவிர. அந்தக் குறியைப் போட மறக்கும் நிரல்கள் நிறைய உண்டு. பெற்ற ப்ராசஸை நிறுத்திய பிறகும் கோப்போ நெட்வொர்க் போர்ட்டோ விடுபடாமல் இருந்தால், முதலில் அதன் பிள்ளைகளைப் பாருங்கள்.

ஒன்றாம் எண் எப்போதும் கெர்னலே தொடங்கி வைக்கும் முதல் ப்ராசஸுக்கு. இன்றைய பெரும்பாலான லினக்ஸில் அது சிஸ்டம்டி. இரண்டாம் எண் கெர்னலின் உள்வேலைகளுக்கான த்ரெட்களை (தனித்தனியாக ஓடும் வேலை இழைகளை)ப் பெற்றெடுக்கும் கேத்ரெட்டி. மற்ற எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போய், உச்சவரம்பைத் தொட்டதும் கீழே திரும்பி, காலியான எண்களை மறுபடி எடுத்துக்கொள்ளும். வரம்பு வெகுகாலம் 32,768 ஆக இருந்தது. 64 பிட் கணினிகளில் 41,94,304 வரை போகலாம். ஆகவே நேற்று குறித்து வைத்த எண்ணை நம்பி இன்று எதையும் நிறுத்தாதீர்கள். அந்த எண் இப்போது வேறு ப்ராசஸிடம் இருக்கலாம்.

சரி, பார்ப்போம். பிஎஸ் -இஎஃப் என்று தட்டினால் எல்லா ப்ராசஸ்களும் வரும். இரண்டாவது நெடுவரிசையில் ப்ராசஸ் எண், மூன்றாவதில் பெற்றவரின் எண். உறவுமுறையைக் கண்ணால் பார்க்க பிஎஸ்ட்ரீ -பி. பிஎஸ் ஏயுஎக்ஸ் என்றால் சிபியு, நினைவகப் பயன்பாட்டோடு நிலையைக் காட்டும் ஓர் எழுத்தும் வரும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே புரிந்துவிடும்.

ஆர் என்றால் ஓடுகிறது, அல்லது ஓடத் தயாராக வரிசையில் நிற்கிறது. எஸ் என்றால் எதற்கோ காத்துத் தூங்குகிறது. பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும், கவலை வேண்டாம். டி என்ற ஒலியில் இரண்டு எழுத்துகள் இருப்பதால் கவனம். ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாவது எழுத்து வந்தால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நான்காவது எழுத்து வந்தால் சிக்கல்: டிஸ்க்கிடமிருந்தோ நெட்வொர்க் சேமிப்பிடமிருந்தோ பதிலுக்குக் காத்திருக்கிறது, இடையில் எழுப்பவும் முடியாது. அந்த நிலையில் வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் -9 கட்டளையைக் கொடுத்தாலும் பதில் வரும்வரை அது சாகாது. ஒரு ப்ராசஸ் நிமிடக்கணக்கில் இப்படியே இருந்தால் நிரலைத் திட்டாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கையும் கேபிளையும் பாருங்கள்.

கடைசி எழுத்து இஸட், அதாவது ஸாம்பி. ப்ராசஸ் முடிந்துவிட்டது, நினைவகமும் கோப்புகளும் விடுவிக்கப்பட்டுவிட்டன. அதைத் தொடங்கி வைத்த பெற்ற ப்ராசஸ் வந்து முடிவுக் குறியீட்டை வாங்கிக்கொள்ளும்வரை அந்தச் சிறு பதிவு மட்டும் மிச்சம் இருக்கிறது. செத்ததை மறுபடி கொல்ல முடியாது என்பதால் இங்கேயும் கில் -9 பயன்படாது. பெற்ற ப்ராசஸைச் சரிசெய்ய வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். அது போனதும் அனாதையான பிள்ளைகளைப் பொதுவாக ஒன்றாம் எண் தத்தெடுத்து, அந்தப் பதிவுகளையும் துடைத்துவிடும். ஒன்றிரண்டு ஸாம்பிகளால் கெடுதல் இல்லை. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் எந்த நிரல் தன் பிள்ளைகளைக் கவனிக்காமல் விடுகிறது என்று பெற்றவர் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

கெர்னலின் கணக்கைக் கண்ணால் பார்க்கும் இடம்

பிஎஸ் கட்டளைக்கு இவ்வளவும் எப்படித் தெரிகிறது? ப்ராக் என்ற டைரக்டரியைப் படித்துத்தான். 1984-இல் பெல் ஆய்வகத்தின் டாம் கில்லியன், ஓடும் ப்ராசஸ்களையும் கோப்புகளாகவே காட்டலாம் என்று யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில் செய்து காட்டினார். லினக்ஸ் அதை எடுத்துக்கொண்டு, மனிதர் நேரடியாகப் படிக்கும் எழுத்துகளாக விரித்தது. கணினிக்குள் இருப்பதை மறைக்காமல் இவ்வளவு எளிதாகத் திறந்து காட்டிய ஏற்பாடு வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. படிக்கும் மாணவர்கள் எல்லோரும் ஒரு மாலைப் பொழுதையாவது இதற்குள் சுற்றிப் பார்க்க வேண்டும்.

எல்எஸ் /ப்ராக் என்று தட்டுங்கள். எண்களையே பெயராகக் கொண்ட டைரக்டரிகள் வரிசையாக வரும். ஒவ்வோர் எண்ணும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராசஸ். இவை டிஸ்க்கில் இல்லை. நீங்கள் படிக்கும் நொடியில் கெர்னல் தன் நினைவகத்திலிருந்து எடுத்து எழுதித் தருகிறது. அதனால்தான் பல கோப்புகளின் அளவு பூஜ்யம் என்று காட்டும், திறந்தால் உள்ளே செய்தி இருக்கும். ஏதாவது ஒரு எண்ணுக்குள் போய் ஸ்டேட்டஸ் என்ற கோப்பை கேட் கட்டளையால் படியுங்கள். பெயர், நிலை, பெற்றவர் எண், த்ரெட் எண்ணிக்கை எல்லாம் வரிவரியாக இருக்கும். இஎக்ஸ்இ என்ற இணைப்பு எந்த நிரல் ஓடுகிறது என்று காட்டும். சிடபிள்யூடி என்ற இணைப்பு அந்த ப்ராசஸ் இப்போது எந்த டைரக்டரியில் நிற்கிறது என்று காட்டும். எஃப்டி என்ற டைரக்டரிதான் நமக்கு முக்கியம். திறந்த கோப்புகள் அங்கே இருக்கின்றன.

மூன்று அட்டவணைகள்

நிரல் ஒரு கோப்பைத் திறக்கும்போது கெர்னல் அதற்குத் திருப்பிக் கொடுப்பது ஒரு சிறிய எண்ணை மட்டும். அதுதான் ஃபைல் டிஸ்கிரிப்டர். பூஜ்யம் உள்ளீடு, ஒன்று வெளியீடு, இரண்டு பிழைச்செய்தி என்பது வழக்கம். அதற்குமேல் எது திறந்தாலும், காலியாக இருக்கும் மிகச் சிறிய எண் கிடைக்கும். நெட்வொர்க் இணைப்பும், ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பைப்பும்கூட இதே எண்வரிசையில்தான் வரும். இந்த எண்களின் பட்டியல் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி. இது முதல் அட்டவணை.

அந்த எண் சுட்டுவது இரண்டாவது அட்டவணையில் உள்ள ஒரு பதிவை. இது கணினி முழுமைக்கும் பொது. கோப்பைப் படிக்கத் திறந்ததா எழுதத் திறந்ததா, இப்போது எத்தனையாவது பைட்டில் நிற்கிறோம் என்பது இங்கே இருக்கும். இரண்டு நிரல்கள் ஒரே கோப்பைத் தனித்தனியாகத் திறந்தால் இரண்டு பதிவுகள், இரண்டு வெவ்வேறு இடக்குறிகள். ஃபோர்க் மூலம் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வந்ததானால் இருவருக்கும் ஒரே பதிவுதான். ஒருவர் படித்து முன்னே போனால் மற்றவருக்கும் இடம் நகர்ந்துவிடும்.

அந்தப் பதிவு சுட்டுவது மூன்றாவதை, அதாவது ஐநோடை. கோப்பு என்று கெர்னல் உண்மையில் நினைப்பது இதைத்தான். அளவு, உரிமையாளர், அனுமதிகள், நேரங்கள், டிஸ்க்கில் எந்தெந்தப் பகுதிகளில் தரவு இருக்கிறது என்பதெல்லாம் இதில் உண்டு. பெயர் மட்டும் இதில் கிடையாது. பெயர் டைரக்டரியில் இருக்கிறது: இந்தப் பெயருக்கு இந்த ஐநோடு எண் என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஒரே ஐநோடுக்குப் பல பெயர்கள் இருக்கலாம். எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கையும் ஐநோடில் இருக்கிறது.

நாம் 'அழி' என்றால் கெர்னல் என்ன செய்கிறது என்பது இப்போது விளங்கும். டைரக்டரியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, பெயர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமாகி, எந்த ப்ராசஸும் அதைத் திறந்து வைத்திருக்கவில்லை என்றால்தான் தரவு இருந்த இடத்தை விடுவிக்கிறது. செட்டிநாட்டில் பங்கு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. முகப்பில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் மட்டும் வீடு இல்லாமல் போய்விடாது. ஒரு பங்காளி சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், அவர் பங்கு தீரும்வரை அந்த மனையில் வேறெதுவும் எழும்ப முடியாது.

கையால் செய்து பார்க்க ஒரு சோதனை

இதைப் படித்து நம்புவதைவிட ஐந்து நிமிடம் ஒதுக்கிச் செய்து பார்த்துவிடுங்கள்.

டெர்மினலில் ஸ்லீப் 1000 > சோதனை & என்று தட்டுங்கள். ஆயிரம் நொடி சும்மா தூங்கும் நிரல் பின்னணியில் ஓடும், அதன் வெளியீடு 'சோதனை' என்ற கோப்புக்குப் போகும். இந்தப் பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம். லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட்டுகள். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் என்பதால் இந்தப் பெயர் பதினைந்து பைட்டுகள். உச்சவரம்பு 255 பைட்டுகள். நீளமான தமிழ்ப் பெயர் வைக்கும்போது 'பெயர் நீளம்' என்று பிழை வருவதற்குக் காரணம் இதுதான்.

கட்டளை ஓடத் தொடங்கியதும் ஓர் எண் காட்டும். 5210 என்று வைத்துக்கொள்வோம். எல்எஸ் -எல் /ப்ராக்/5210/எஃப்டி என்று தட்டினால் மூன்று வரிகள் வரும். பூஜ்யமும் இரண்டும் உங்கள் டெர்மினலைச் சுட்டும். ஒன்று உங்கள் 'சோதனை' கோப்பைச் சுட்டும்.

அடுத்து ஆர்எம் சோதனை என்று கோப்பை அழியுங்கள். எல்எஸ் கொடுத்துப் பாருங்கள், டைரக்டரியில் அது இல்லை. மறுபடி எஃப்டி டைரக்டரியைப் பாருங்கள். ஒன்றாம் எண்ணுக்கு எதிரே அதே பாதை இருக்கும், வால் பகுதியில் டெலிட்டட் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் எக்கோ வணக்கம் > /ப்ராக்/5210/எஃப்டி/1 என்று அதற்குள் எழுதுங்கள். கேட் /ப்ராக்/5210/எஃப்டி/1 என்று படியுங்கள். 'வணக்கம்' வரும். பெயரே இல்லாத கோப்பில் எழுதிப் படித்துவிட்டீர்கள். சிபி /ப்ராக்/5210/எஃப்டி/1 மீட்டது என்று நகலெடுத்தால் அதற்குப் புதிய பெயரோடு ஒரு பிரதி கிடைத்துவிடும். கடைசியாக கில் 5210. ப்ராசஸ் போனதும் பெயரில்லாத அந்தப் பழைய கோப்பு நிஜமாகவே போய்விடும். உங்கள் கையில் இருப்பது பிரதி மட்டும்.

டிஸ்க் நிறைந்தபோது

காரைக்குடியில் ஒரு திருமண ஸ்டூடியோ. வீடியோக்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் கணினியில் சேமிப்பில் இருக்கும். எடிட்டிங் செய்பவர்கள் பக்கத்து அறையில் விண்டோஸ் கணினிகளிலிருந்து, கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் சம்பா என்ற நிரல் மூலம் அவற்றை எடுத்து வேலை செய்வார்கள். முகூர்த்த மாதம், டிஸ்க் நூறு சதவீதம். வேலை பார்க்கும் பையன் பழைய கோப்புகளை அழித்திருக்கிறான், இடம் வரவில்லை.

"அண்ணே, நிறைய அழிச்சுட்டேன். டிஸ்க் கொஞ்சம்கூட குறையலையே. ரீஸ்டார்ட் பண்ணிடவா?"

"இருப்பா, தொடாதே. அந்தக் கணினியில யாரும் எதையும் மூட வேண்டாம்னு சொல்லு. வந்துடுறேன்."

இப்படி வரும்போது முதலில் இரண்டு அளவுகளை எடுங்கள். டிஎஃப் -எச் என்பது கோப்பு அமைப்பிடம் எவ்வளவு இடம் செலவாகியிருக்கிறது என்று கேட்கிறது. டியு -எஸ்எச் டைரக்டரிகளுக்குள் நடந்து, பெயருள்ள கோப்புகளைக் கூட்டிச் சொல்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போனால் உண்மையிலேயே டிஸ்க் நிறைந்திருக்கிறது, பெரிய கோப்புகளைத் தேடுங்கள். டிஎஃப் காட்டுவது மிக அதிகமாக இருந்தால், பெயர் போயும் பிடி விடாத கோப்பு எங்கோ இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

அதைக் கண்டுபிடிக்க சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1. சுடோ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டும். இதில் பிளஸ் குறியை அடுத்து வருவது பெரிய எழுத்து, அதற்கடுத்தது ஒன்று என்ற எண். பெயர் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே இருக்கும் திறந்த கோப்புகளைக் காட்டு என்று பொருள். எல்எஸ்ஓஎஃப் நிரலை எழுதியவர் பர்டூ பல்கலைக்கழகத்தின் விக் ஏபெல். திறந்த கோப்புகளைப் பற்றி ஒரே ஒரு கருவியைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். சுடோ இல்லாமல் ஓட்டினால் மற்றவர்களின் ப்ராசஸ்கள் தெரியாது, ஒன்றுமே இல்லை என்று தப்பான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

ஸ்டூடியோவில் அது காட்டியது எஸ்எம்பிடி என்ற ப்ராசஸை, அதாவது சம்பா சர்வரை. சம்பா ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு ப்ராசஸை ஒதுக்குவதால், எந்த அறையின் எந்தக் கணினி என்பதும் தெரிந்துவிட்டது. எடிட்டர் மூன்று வீடியோக்களை மென்பொருளில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அந்த மூன்றும் இங்கே அழிக்கப்பட்டிருந்தன. பட்டியலில் பெயர்களைப் படித்ததும் உரிமையாளர் அதிர்ந்துபோனார். இரண்டு பழையவை, போனால் போகட்டும். மூன்றாவது அந்த வாரத் திருமணத்தின் திருப்பூட்டு வீடியோ. கேமரா கார்டை ஏற்கனவே அடுத்த நிகழ்ச்சிக்காக ஃபார்மட் செய்துவிட்டார்கள்.

சோதனையில் செய்ததைத்தான் அங்கே செய்தோம். எல்எஸ்ஓஎஃப் காட்டிய ப்ராசஸ் எண்ணையும் டிஸ்கிரிப்டர் எண்ணையும் வைத்து, /ப்ராக் வழியாக சுடோ சிபி கட்டளையால் அந்த வீடியோவை நகலெடுத்தோம். டிஸ்க் நிறைந்திருப்பதால் அதே டிஸ்க்கில் எடுக்க முடியாது, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி அதில் எடுத்தோம். நகல் முடிந்து, வீடியோவை முழுதும் ஓட்டிப் பார்த்த பிறகே எடிட்டிங் மென்பொருளை மூடச் சொன்னேன். மூடியதும் டிஎஃப் காட்டிய எண் சட்டென்று இறங்கியது. பையன் சொன்னபடி முதலிலேயே ரீஸ்டார்ட் செய்திருந்தால் டிஸ்க்கில் இடம் வந்திருக்கும், அந்த வீடியோ வந்திருக்காது.

இதே சிக்கல், நிரல் நடந்ததை எழுதி வைக்கும் லாக் கோப்புகளில்தான் அதிகம் வரும். சர்வர் நிரல் எழுதிக்கொண்டிருக்கும் லாகை நீங்கள் அழித்துவிட்டால், பெயரில்லாத அந்தக் கோப்பிலேயே அது தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். பெயர் மாற்றினாலும் அப்படித்தான். நிரல் பிடித்திருப்பது ஐநோடை என்பதால் புதுப் பெயருக்குள்ளேயே எழுதும். முறையான வழி, நிரலிடம் லாகை மூடித் திறக்கச் சொல்வது. பல சர்வர்களுக்கு எச்யுபி என்ற சிக்னல் அனுப்பினால் போதும், ஆனால் அந்த நிரலின் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள், சில நிரல்கள் அந்தச் சிக்னலுக்கு நின்றுவிடும். நிறுத்தவே முடியாத சர்வர் என்றால், ட்ரங்கேட் -எஸ் 0 கட்டளையை /ப்ராக் பாதையின் மேல் கொடுத்து உள்ளடக்கத்தைக் காலி செய்யலாம். நிரல் கோப்பை அப்பென்ட் முறையில் (எப்போதும் கடைசியில் சேர்த்து எழுதும் முறையில்) திறந்திருக்காவிட்டால், காலி செய்த பிறகும் பழைய இடக்குறியிலிருந்தே எழுதும். எல்எஸ் -எல் மறுபடி பெரிய அளவைக் காட்டும். பயப்பட வேண்டாம், நடுவில் இருப்பது ஓட்டை, டிஸ்க்கில் இடம் எடுக்காது. டியு கொடுத்துப் பார்த்தால் உண்மை அளவு தெரியும்.

பென்டிரைவ் கழல மறுக்கும்போது

டிரைவைக் கழற்றும் யுமவுன்ட் கட்டளையைக் கொடுத்தால் 'டார்கெட் இஸ் பிஸி' என்று வருகிறதா? சுடோ எல்எஸ்ஓஎஃப் என்பதை அடுத்து அந்த டிரைவ் மவுன்ட் ஆகியிருக்கும் பாதையைக் கொடுங்கள். எஃப்டி என்ற நெடுவரிசையில் எண்ணுக்குப் பதில் சிடபிள்யூடி என்று இருந்தால், அந்த ப்ராசஸ் கோப்பு எதையும் திறக்கவில்லை, அந்த டைரக்டரிக்குள் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது நீங்களே திறந்து வைத்த டெர்மினல்தான். சிடி என்று மட்டும் தட்டி வெளியே வந்தால் கழன்றுவிடும். எண்ணை அடுத்து வரும் எழுத்தையும் பாருங்கள். ஆர் என்றால் படிக்க மட்டும். டபிள்யூ அல்லது யு என்றால் எழுதவும் திறந்திருக்கிறது, அதை முறையாக மூடும்வரை கழற்றவே கூடாது.

யுமவுன்ட் -எல் கொடுத்தால் உடனே கழன்றதாகக் காட்டும். அது பாதையை மட்டும் மறைக்கிறது. பிடித்திருக்கும் ப்ராசஸ் முடியும்வரை உள்ளே டிரைவ் கழலவில்லை. கல்யாண ஆல்பம் இருக்கும் டிரைவில் அதைச் செய்யாதீர்கள். எஃப்யூசர் -கே என்ற கட்டளை பிடித்திருக்கும் எல்லா ப்ராசஸ்களையும் கொன்றுவிடும். முதலில் எஃப்யூசர் -விஎம் கொடுத்து யார் யார் என்று படித்துவிட்டு, ஒவ்வொன்றாக மூடுங்கள்.

'திறந்த கோப்புகள் அதிகம்'

பிழை எண் 24 என்று வந்தால் அந்த ஒரு ப்ராசஸ் தன் வரம்பைத் தொட்டுவிட்டது. 23 என்றால் கணினி முழுவதற்குமான வரம்பு தீர்ந்துவிட்டது, இது அரிது. யுலிமிட் -என் உங்கள் ஷெல்லின் வரம்பைச் சொல்லும், பெரும்பாலும் 1024. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் வரம்பு அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். /ப்ராக் டைரக்டரிக்குள் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழ் உள்ள லிமிட்ஸ் கோப்புதான் சரியான பதில்.

வரம்பை உயர்த்துவதற்கு முன் எவை திறந்திருக்கின்றன என்று பாருங்கள். சுடோ எல்எஸ்ஓஎஃப் -பி என்பதோடு ப்ராசஸ் எண். ஒரே கோப்பு நூற்றுக்கணக்கான முறை வந்தால் நிரல் திறந்ததை மூடாமல் விடுகிறது. எல்லாம் நெட்வொர்க் இணைப்புகள், அவற்றின் நிலை குளோஸ் வெயிட் என்றால், எதிர்முனை மூடிவிட்டது, இந்த நிரல் தன் பக்கத்தை மூடவில்லை. இரண்டு இடத்திலும் வரம்பை உயர்த்துவது நோயைத் தள்ளிப்போடுமே தவிர தீர்க்காது. நிரலை எழுதியவரிடம் இந்தப் பட்டியலை அனுப்புங்கள், அவருக்கு இதைவிட நல்ல தடயம் கிடைக்காது. உண்மையிலேயே வாடிக்கையாளர்கள் கூடியதால் எண்ணிக்கை ஏறியிருந்தால் மட்டும், சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் லிமிட்நோஃபைல் (இடைக்கோடு இல்லை, முதல் எழுத்தும் 'நோஃபைல்' முழுவதும் பெரிய எழுத்தில்) என்ற வரியைச் சேர்த்து, டீமன்-ரீலோட் செய்து, சர்வீஸை மறுபடி தொடங்குங்கள். தொடங்கிய பின் லிமிட்ஸ் கோப்பை மறுபடி படித்து, புது எண் ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

விண்டோஸ் கணினியில்

கடைகளில் இருப்பவை பெரும்பாலும் விண்டோஸ்தான். அங்கே ஃபைல் டிஸ்கிரிப்டருக்குப் பதில் ஹேண்டில். ஹேண்டில் எண்களும் ப்ராசஸ் எண்களும் நான்கின் மடங்காகவே வரும். சிஸ்டம் என்ற ப்ராசஸின் எண் எப்போதும் 4. பெரிய வேறுபாடு அழிப்பதில். ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே மற்றவர்கள் அதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று சொல்லிவிடுகிறது. அழிக்க அனுமதிக்காவிட்டால் விண்டோஸ் மறுத்துவிடும். அதனால் இடம் காணாமல் போகும் சிக்கல் அங்கே குறைவு, 'வேறு நிரலில் திறந்திருக்கிறது' என்ற சிக்கல் அதிகம்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு தாவலுக்குப் போய், அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் பகுதியில் உள்ள தேடல் பெட்டியில் கோப்பின் பெயரில் ஒரு பகுதியைத் தட்டுங்கள். இன்னும் விவரமாகப் பார்க்க சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். அதில் கண்ட்ரோலும் எஃப் விசையும் அழுத்திப் பெயரைத் தேடினால், பிடித்திருக்கும் ப்ராசஸ் வரிசையாக வரும். அங்கே ஹேண்டிலை வலுக்கட்டாயமாக மூடும் வசதியும் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். நிரலுக்குத் தெரியாமல் ஹேண்டில் மூடப்பட்டால், அதே எண் வேறொரு கோப்புக்குக் கிடைக்கலாம். நிரல் பழைய கோப்பு என்று நினைத்துப் புதியதன் மேல் எழுதிவிடும். எந்த நிரல் என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்த நிரலுக்குப் போய் சேமித்து மூடுவதுதான் சரி.